கோல்ட் நிறுவனம் கை மாறிய கதையும் பொதுமக்களுக்கான ரைஃபிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் வரலாற்றைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய நாளிலிருந்து, கோல்ட் நிறுவனத்தைப் பற்றிய சில ஐயங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. நிறுவனம் திவாலானது, விற்கப்பட்டது, ரைஃபிள் விற்பனையை நிறுத்தியது என்ற மூன்று செய்திகளும் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் அவற்றை ஒன்றோடொன்று கலந்து, உரிமையாளர் மாறியதால்தான் துப்பாக்கி கிடைக்காமல் போனது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கோல்ட் என்பது ஆளின் பெயரா, குதிரையின் பெயரா?

ஆளின் பெயர்தான். சாமுவேல் கோல்ட் 1814இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தவர். சுழலும் அறைகளில் தோட்டாக்களை வைக்கும் கைத்துப்பாக்கிக்கு 1836இல் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. 1847இல் கேப்டன் சாமுவேல் வாக்கரின் முயற்சியால் ராணுவத்திடமிருந்து வந்த 1,000 துப்பாக்கிகளுக்கான ஆணை அவரை மீண்டும் நிமிர்த்தியது. 1855இல் ஹார்ட்ஃபோர்டில், கனெக்டிகட் ஆற்றங்கரையில், இன்று நாம் பேசும் நிறுவனத்தைப் பதிவு செய்தார்.

அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆண் குதிரைக்குட்டி என்றும் பொருள் இருப்பதால், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைக்குட்டி நிறுவனத்தின் சின்னமானது. 91ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹார்ட்ஃபோர்டைக் கடப்பவர்கள் பழைய ஆயுதசாலையின் மேல், பொன்னிற நட்சத்திரங்கள் பதித்த நீல வெங்காயக் குவிமாடத்தையும் அதன் உச்சியில் அந்தக் குதிரைக்குட்டியையும் இன்றும் பார்க்கலாம். 1864இல் தீயில் அழிந்த கட்டடத்தைக் கோல்ட்டின் மனைவி எலிசபெத் மீண்டும் எழுப்பினார். அங்கே இப்போது துப்பாக்கி செய்யப்படுவதில்லை. தொழிற்சாலை 1990களில் அருகிலுள்ள வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

ஏ.ஆர். என்றால் 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம்தானே?

இல்லை. கோல்ட் பொதுமக்களுக்கு விற்கும் ஏ.ஆர். 15 ரைஃபிளின் பெயரிலுள்ள அந்த முன்னெழுத்துகள் ஆர்மலைட் ரைஃபிள் என்ற பெயரிலிருந்து வந்தவை. ஃபேர்சைல்டு விமான நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்த ஆர்மலைட்டில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் இந்த வடிவத்தை உருவாக்கினார்கள். 1959இல் அதன் உரிமையைக் கோல்ட் வாங்கியது. அப்போது கொடுக்கப்பட்ட முன்தொகை 75,000 டாலர். அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கு. அடுத்த அறுபது ஆண்டுகள் அந்த நிறுவனத்தைத் தாங்கியதும், சில வேளைகளில் அதன் கழுத்தை நெரித்ததும் இந்த ஒரே கொள்முதல்தான் என்பது என் கருத்து.

ராணுவத்துக்குக் கொடுப்பதையேதான் கடையிலும் விற்கிறார்களா?

தோற்றத்தில் ஒன்று, செயலில் வேறு. ராணுவத்தின் எம் 16, எம் 4 ரைஃபிள்களில் விசையை ஒருமுறை அழுத்தினால் பல தோட்டாக்கள் வெளியேறும் வசதி உண்டு. பொதுமக்களுக்கு விற்கப்படும் ஏ.ஆர். 15 அரைத் தானியங்கி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். குழலின் நீளமும் மாறும். எம் 4இன் குழல் 14.5 அங்குலம். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிள் 1934ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி தனிப் பதிவுக்கு உட்பட்டது என்பதால், கடைக்கு வரும் வடிவத்தில் குழல் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டியிருக்கும்.

1986 மே மாதத்துக்குப் பின் செய்யப்பட்ட முழுத் தானியங்கி ஆயுதங்களைத் தனிநபர்கள் வாங்க முடியாது. ஆனால் இரண்டு வகைகளும் ஒரே தொழிற்சாலையில், பெரும்பாலும் ஒரே எந்திரங்களில், ஒரே தொழிலாளர்களின் கைகளால் உருவாகின்றன. பின்னால் வரும் 2019ஆம் ஆண்டுக் கேள்விக்கு இதுதான் அடிப்படை என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை முறை கை மாறியிருக்கிறது? வரிசையாகச் சொன்னால் நல்லது.

சாமுவேல் கோல்ட் 1862இல் இறந்த பிறகு எலிசபெத் கோல்ட் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உரிமையைத் தன் கையில் வைத்திருந்து, 1901இல் முதலீட்டாளர் குழு ஒன்றுக்கு விற்றார். 1955இல் பென் டெக்சஸ் என்ற பல்தொழில் நிறுவனம் கோல்ட்டை வாங்கியது. அந்தத் தாய் நிறுவனம் பிறகு ஃபேர்பேங்க்ஸ் விட்னி என்றும், 1964இல் கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் என்றும் பெயர் மாறியது. எனவே ஏ.ஆர். 15 உரிமை வாங்கப்பட்டதும், வியட்நாம் போருக்கு எம் 16 குவியல் குவியலாகச் செய்யப்பட்டதும் கோல்ட் குடும்பத்தின் காலத்தில் அல்ல, இந்தப் பல்தொழில் குழுமத்தின் காலத்தில்.

1986 தொடக்கத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இடையில் 1988இல் எம் 16 ஒப்பந்தம், பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தெற்கு கரோலைனாவில் நடத்தும் தொழிற்சாலைக்குப் போனது. 1990இல் கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் துப்பாக்கிப் பிரிவைக் கைவிட்டது. முதலீட்டாளர்கள், தொழிற்சங்கம், கனெக்டிகட் மாநில அரசு ஆகியோர் சேர்ந்த ஒரு கூட்டணி அதை வாங்கியது. 1992இல் முதல் திவால். 1994இல் ஸில்கா என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2002இல் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது, 2013இல் மீண்டும் சேர்ந்தது, 2015இல் இரண்டாம் முறை திவாலானது, 2016 ஜனவரியில் மீண்டது. 2021 மே மாதத்தில் செக் நாட்டுக் குழுமத்தின் கைக்குச் சென்றது.

மாநில அரசே துப்பாக்கி நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தது என்கிறார்கள். நம்பும்படி இல்லையே?

உண்மைதான். 1990இல் கனெக்டிகட் மாநில ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 2.5 கோடி டாலர் முதலீடு செய்யப்பட்டு, நிறுவனத்தின் 47 விழுக்காடு பங்கு வாங்கப்பட்டது. வேலைநிறுத்தத்தால் நொந்துபோயிருந்த தொழிலாளர்கள் பணிக்குத் திரும்பவும், ஹார்ட்ஃபோர்டில் வேலைவாய்ப்பு நிலைக்கவும் எடுக்கப்பட்ட முடிவு அது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், ஆசிரியர்களும் அலுவலர்களும் சேமித்த பணத்தை ஒப்பந்தம் இழந்து நின்ற ஒரு தொழிலில் போட்டது தவறு என்றே நான் கருதுகிறேன். இரண்டே ஆண்டுகளில் திவால் வந்தது. அந்த முதலீட்டின் பெரும்பகுதி திரும்பவில்லை.

இதைவிட வியப்பான செய்தி அடுத்து வருகிறது. அதே மாநிலம் 1993இல் தாக்குதல் வகை ஆயுதங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, தடைப் பட்டியலில் கோல்ட் ஏ.ஆர். 15, கோல்ட் ஸ்போர்ட்டர் ஆகிய பெயர்களும் இடம்பெற்றன.

பொதுமக்களுக்கான ரைஃபிள் முதலில் எப்போது விற்பனைக்கு வந்தது?

1964இல். எஸ்.பி. 1 என்று குறிக்கப்பட்ட அந்த மாதிரி, ராணுவம் எம் 16ஐப் பெருமளவில் ஏற்பதற்கு முன்பே கடைகளுக்கு வந்துவிட்டது. ராணுவ ரைஃபிள் பின்னாளில் பொதுமக்களிடம் கசிந்தது என்று பலர் நினைப்பதற்கு இது நேர்மாறானது. 1977இல் ஸ்டோனரின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியானது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதே வடிவத்தைச் செய்யலாம் என்ற நிலை உருவாயிற்று. ஏ.ஆர். 15 என்ற பெயர் கோல்ட்டின் வணிகக்குறியாகவே இருப்பதால்தான் மற்றவர்கள் வேறு பெயர்களில் விற்கிறார்கள்.

1994 தடைச் சட்டத்தோடு கோல்ட் நிறுத்திவிட்டது என்று படித்தேன். பிறகு எப்படி விற்றார்கள்?

நிறுத்தம் அதற்கு முன்பே ஒருமுறை நடந்தது. 1989 மார்ச்சில், அன்றைய அமெரிக்க அரசு வெளிநாட்டு அரைத் தானியங்கி ரைஃபிள்களின் இறக்குமதியை நிறுத்தி வைத்த வாரத்தில், கோல்ட் தானாகவே ஏ.ஆர். 15 விற்பனையை நிறுத்தியது. அந்த இறக்குமதி ஆணை உள்நாட்டுத் தயாரிப்பைத் தொடவில்லை. நிறுவனம் சட்டத்தை முந்திக்கொண்டது. சில மாற்றங்களோடு ஸ்போர்ட்டர் என்ற பெயரில் அந்த ரைஃபிள் மீண்டும் வந்தது.

1994 செப்டம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம் கோல்ட் ஏ.ஆர். 15ஐப் பெயர் சொல்லியே தடுத்தது. பெயர் சொல்லப்படாத ரைஃபிள்களுக்கு, கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டியோடு கைப்பிடி, மடக்கும் தண்டு, துப்பாக்கி ஈட்டி மாட்டும் முனை, தீப்பொறி மறைப்பான் முதலியவற்றுள் இரண்டு இருந்தால் தடை என்று வரையறுத்தது. கோல்ட் ஈட்டி முனையையும் தீப்பொறி மறைப்பானையும் நீக்கி, மேட்ச் டார்கெட் என்ற பெயரில் விற்பனையைத் தொடர்ந்தது. சட்டத்தின் ஆயுள் 10 ஆண்டுகள். 2004 செப்டம்பரில் அது காலாவதியானதும் பழைய வடிவங்கள் திரும்பின. ஆக, 1994 முதல் 2004 வரை கோல்ட் ரைஃபிள் கிடைத்தது. அதன் உறுப்புகளும் பெயரும்தான் மாறியிருந்தன.

ஒரே நேரத்தில் இரண்டு கோல்ட் நிறுவனங்கள் இருந்தனவாமே?

ஆம், 2002 முதல் 2013 வரை. கோல்ட் டிஃபென்ஸ் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் ரைஃபிள் செய்தது. கோல்ட்ஸ் மேனுஃபேக்சரிங் கைத்துப்பாக்கிகளையும் பொதுமக்கள் சந்தையையும் கவனித்தது. கடைக்குப் போகும் ரைஃபிளைச் செய்தது முதலாம் நிறுவனம், விற்றது இரண்டாம் நிறுவனம். இருவரும் ஒரே வளாகத்தில்தான் இயங்கினார்கள்.

இந்தப் பிரிவினைதான் பொதுமக்கள் ரைஃபிளை உண்மையில் ஓரத்துக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன். ரைஃபிளைச் செய்பவருக்குக் கடைக்காரரோடு நேரடி உறவு இல்லை. கடைக்காரரோடு உறவுள்ளவருக்கு ரைஃபிளைச் செய்யும் எந்திரம் சொந்தமில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலத்தில் எம் 4க்கான ஆணைகள் குவிந்தபோது கடைகளுக்குச் சென்றது மிச்சம் மீதிதான். சந்தை வேகமாக வளர்ந்த அந்தப் பத்தாண்டில், 2006இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் எம் அண்ட் பி 15 என்ற தன் ஏ.ஆர். வடிவ ரைஃபிளை இறக்கியது. மற்றவர்களும் நுழைந்து இடம்பிடித்தார்கள். 2013இல் கோல்ட் டிஃபென்ஸ் ஏறத்தாழ 6 கோடி டாலர் கொடுத்து மற்ற பாதியை வாங்கிச் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது.

ராணுவ ஒப்பந்தம் கையில் இருந்த நிறுவனம் எப்படித் திவாலாகும்?

ஒப்பந்தம் கையில் இருந்தவரை ஆகவில்லை. கைவிட்டுப் போனபின் ஆயிற்று. எம் 4இன் தொழில்நுட்ப வரைபடங்களைப் பிற தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்க ராணுவத்துக்கு இருந்த தடை 2009 நடுவில் நீங்கியது. 2012இல் எம் 4இன் மறுவடிவமான எம் 4ஏ1க்கான ஆணை முதலில் மற்றோர் அமெரிக்கத் தயாரிப்பாளரான ரெமிங்டனுக்கு அறிவிக்கப்பட்டு, முறையீட்டுக்குப் பின் 2013 பிப்ரவரியில் எஃப்.என். நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இருபது ஆண்டுகளாக எம் 4ஐச் செய்துவந்த கோல்ட் வெளியே நின்றது.

அதே 2009இல் நிறுவனம் 25 கோடி டாலருக்கு 8.75 விழுக்காட்டு வட்டியில் கடன் பத்திரங்களை வெளியிட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 19 லட்சம் டாலர் வட்டிக்கு மட்டும் போகும். 2013இல் புதிய தடைச் சட்டம் வரக்கூடும் என்ற அச்சத்தில் மக்கள் முண்டியடித்து வாங்கியதால் விற்பனை உயர்ந்தது. அந்த அலை அடங்கியதும் சரிந்தது. வட்டித் தவணையைக் கட்ட முடியாத நிலையில் 2015 ஜூனில் நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. தரமில்லாத துப்பாக்கி செய்ததால் வீழ்ந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. போர்க்கால வருமானம் நிலையானது என்று நம்பி வாங்கிய கடன்தான் அதை வீழ்த்தியது.

திவால் என்றால் இழுத்து மூடிவிட்டதாகத்தானே பொருள்? அந்தக் காலத்தில் ரைஃபிள் எப்படிக் கிடைத்தது?

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம், கடனை நீதிமன்ற மேற்பார்வையில் சீரமைத்துக்கொண்டே தொழிலை நடத்த இடம் தருகிறது. ஏழாம் அத்தியாயம்தான் சொத்துகளை விற்று மூடுவது. கோல்ட் 2015இல் நாடியது 11ஆம் அத்தியாயத்தை. எந்திரங்கள் ஓடின, சம்பளம் கொடுக்கப்பட்டது, ரைஃபிள்கள் கடைகளுக்குச் சென்றன. ஏழு மாதங்களில், ஏறத்தாழ 20 கோடி டாலர் கடன் குறைந்த நிலையில், நிறுவனம் வெளியே வந்தது.

திவாலின்போது பாதிக்கப்படுவது பெரும்பாலும் வாங்குபவர் அல்லர். உதிரிபாகம் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சிறு பட்டறைக்காரரும், கடன் பத்திரம் வைத்திருப்பவரும்தான். கனெக்டிகட் பள்ளத்தாக்கில் அத்தகைய பட்டறைகள் பல தலைமுறைகளாகத் துப்பாக்கித் தொழிலை நம்பி வாழ்ந்துவந்தவை.

2019இல் அரசியல் அழுத்தத்துக்குப் பணிந்துதானே பொதுமக்கள் விற்பனையை நிறுத்தினார்கள்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். அப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சஸின் எல் பாசோ நகரில் வால்மார்ட் கடையொன்றில் நடந்த துப்பாக்கிச் சூடு நாட்டையே உலுக்கியது. செப்டம்பர் தொடக்கத்தில் வால்மார்ட் சில வகைத் தோட்டாக்களின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த மாதம் நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தில் ஏ.ஆர். 15ஐ மக்களிடமிருந்து அரசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சில நாள்களில், செப்டம்பர் 19 அன்று, கோல்ட் தன் அறிவிப்பை வெளியிட்டது. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

தலைமை அதிகாரி டென்னிஸ் வெய்யோ வெளியிட்ட அறிக்கை சொன்ன காரணங்கள் இரண்டு. பொதுமக்கள் ரைஃபிள் சந்தையில் தேவைக்கு மிஞ்சிய உற்பத்தித் திறன் இருக்கிறது. ராணுவமும் காவல்துறையும் கொடுத்த பெரிய ஒப்பந்தங்கள் கோல்ட்டின் ரைஃபிள் உற்பத்தித் திறன் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே எந்திரத்தில் இருவகையும் உருவாகின்றன என்று மூன்றாம் பதிலில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். லாபம் குறைந்த, போட்டி மிகுந்த பொருளுக்கு எந்திர நேரத்தை ஒதுக்குவதைவிட, விலையும் அளவும் முன்கூட்டியே உறுதியான ஒப்பந்தத்துக்கு ஒதுக்குவதையே அந்த நிலையில் எந்தத் தொழிலதிபரும் தேர்ந்தெடுப்பார்.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள் இதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். துப்பாக்கி உரிமையை ஆதரித்தவர்கள் துரோகம் என்றார்கள். இரு தரப்பும் அறிக்கையை முழுதாகப் படிக்கவில்லை என்பது என் முடிவு. கோல்ட் மீது பின்னவர்களுக்குப் பழைய மனக்குறையும் இருந்தது. 1997 இறுதியில் அன்றைய தலைமை அதிகாரி துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சி உரிமம் தேவை என்ற கருத்தை ஆதரித்து எழுதியதை அவர்கள் மறக்கவில்லை.

நிறுத்தியபோது கடைகளில் கோல்ட் ரைஃபிள் இல்லாமல் போனதா?

இல்லை. விநியோகஸ்தர்களிடம் போதிய இருப்பு இருந்தது. நிறுவனமும் அதையே சொன்னது. நிறுத்தப்பட்டது புதிய உற்பத்தி மட்டுமே. வாங்கியவர்களின் உரிமையோ, ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட ரைஃபிள்களின் விற்பனையோ மாறவில்லை. ஆர்வலர்கள் பெரிதும் தேடிய எல்.இ. 6920 மாதிரிக்குச் சில இடங்களில் விலை ஏறியது.

ஏ.ஆர். வடிவ ரைஃபிள் வேண்டும் என்று மட்டும் கேட்டவருக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை. காப்புரிமை 1977லேயே முடிந்துவிட்டதால், ஸ்மித் அண்ட் வெஸன், ரூகர் உட்படப் பல நிறுவனங்கள் அதே வடிவத்தைக் கோல்ட்டைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன.

மறுபடி எப்போது, ஏன் தொடங்கினார்கள்? புதிய உரிமையாளர் சொல்லியா?

புதிய உரிமையாளர் வருவதற்கு முன்பே, 2020இல் தொடங்கிவிட்டார்கள். கொரோனாத் தொற்றும் அந்த ஆண்டின் கலவரங்களும் தேர்தலும் சேர்ந்து துப்பாக்கிக்கான தேவையை இதுவரை காணாத உயரத்துக்குக் கொண்டுசென்றன. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் கூட்டாட்சி அமைப்புக்கு 2019இல் வந்த கோரிக்கைகள் ஏறத்தாழ 2.84 கோடி, 2020இல் அது 3.97 கோடியை நெருங்கியது. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு விற்பனை ஆகாது என்றாலும் சந்தையின் போக்கை அது காட்டுகிறது.

முந்தைய ஆண்டு சொன்ன உபரி உற்பத்தி என்ற காரணம் சில மாதங்களில் கரைந்துபோனது. அரசியல் அழுத்தத்துக்காக நிறுத்தியிருந்தால், தேர்தல் ஆண்டின் நடுவில், அந்த அழுத்தம் சற்றும் குறையாத நேரத்தில் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

செக் நாட்டுக் கம்பெனி வாங்கிவிட்டதே, இனி அது அமெரிக்கத் துப்பாக்கி இல்லையா?

செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா குழுமம், சுருக்கமாக சி.இசட்., 2021 பிப்ரவரியில் உடன்பாட்டை அறிவித்து, மே மாதத்தில் கோல்ட்டின் முழு உரிமையையும் பெற்றது. ரொக்கமாக 22 கோடி டாலரும், அதோடு சி.இசட். குழுமத்தின் புதிய பங்குகளும் கொடுக்கப்பட்டன. 2022இல் அந்தக் குழுமமே தன் பெயரைக் கோல்ட் சி.இசட். என்று மாற்றிக்கொண்டது. வாங்கியவர் விற்றவரின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டதிலிருந்தே அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது தெரியும்.

ரைஃபிள் உற்பத்தி வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் தொடர்கிறது. சி.இசட்.இன் தாய்த் தொழிற்சாலை 1936இல் உஹெர்ஸ்கி ப்ரோட் நகரில் தொடங்கப்பட்டது. கைத்துப்பாக்கிகளுக்கும் வேட்டை ரைஃபிள்களுக்கும் உலகெங்கும் பெயர் பெற்றது. பொதுமக்கள் சந்தையை நன்கறிந்த ஒரு தயாரிப்பாளரின் கையில் கோல்ட் சேர்ந்திருப்பது, முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்ததைவிட நல்லது என்றே எண்ணுகிறேன். கடைகளுக்கான 6920 மாதிரி இப்போது சி.ஆர். என்ற முன்னெழுத்தோடு வருகிறது.

ராணுவ ஆயுதம் செய்யும் நிறுவனத்தை வெளிநாட்டவர் வாங்க எப்படி விட்டார்கள்?

வெளிநாட்டு முதலீடுகளை நாட்டுப் பாதுகாப்பு நோக்கில் ஆராயும் கூட்டாட்சிக் குழுவின் ஒப்புதல் உட்பட, உரிய அனுமதிகளுக்குப் பிறகே விற்பனை முடிந்தது. செக் குடியரசு 1999 முதல் நேட்டோ உறுப்பு நாடு. இது புதுமையும் அல்ல. 1988இல் எம் 16 ஒப்பந்தம் பெல்ஜிய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குச் சென்றதை முன்பே சொன்னேன். அதற்கும் முன், 1985இல், ராணுவத்தின் கைத்துப்பாக்கி ஒப்பந்தம் இத்தாலியின் பெரெட்டாவுக்குப் போனது. ஆயுதம் அமெரிக்க மண்ணில் செய்யப்படுகிறதா என்பதையே அரசு முதன்மையாகப் பார்க்கிறது.

கோல்ட் கனடா என்று ஒன்று இருக்கிறதே, அங்கே என்ன நிலை?

ஒன்டாரியோ மாநிலத்தின் கிச்சனர் நகரில் டீமாக்கோ என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தைக் கோல்ட் டிஃபென்ஸ் 2005இல் வாங்கியது. கனடா ராணுவத்தின் சி 7, சி 8 ரைஃபிள்களைச் செய்வது அதுதான். 2021இல் அதுவும் சி.இசட். கைக்குச் சென்றது.

கனடாவின் பொதுமக்களுக்கு ஏ.ஆர். 15 கிடைக்காமல் போனது அந்த விற்பனைக்கு ஓராண்டு முன்பே. நோவா ஸ்கோஷியாவில் நடந்த படுகொலைக்குப் பின், 2020 மே 1 அன்று கனடா அரசு ஏறத்தாழ 1,500 வகைத் துப்பாக்கிகளை ஆணை மூலம் தடைசெய்தது, ஏ.ஆர். 15 அவற்றுள் ஒன்று. இங்கே சட்டம்தான் காரணம், உரிமை மாற்றம் இல்லை.

கையில் இருக்கும் பழைய ரைஃபிளைப் பார்த்தே எந்த உரிமையாளர் காலத்தது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். தோட்டாப் பெட்டி நுழையும் கீழ்க்கூட்டின் இடப்பக்கத்தைப் பாருங்கள். எஸ்.பி. 1 என்ற குறியும், அதே எழுத்துகளில் தொடங்கும் வரிசை எண்ணும், ஹார்ட்ஃபோர்டு முகவரியும் இருந்தால் அது பல்தொழில் குழுமக் காலத்தது. அதை உறுதிப்படுத்த, மேல்கூட்டையும் கீழ்க்கூட்டையும் முன்புறத்தில் இணைக்கும் ஊசியைப் பாருங்கள். ராணுவ ரைஃபிளில் அது 0.250 அங்குல விட்டமுள்ள, விரலால் தள்ளும் ஊசி. எஸ்.பி. 1இல் 0.315 அங்குலத் துளையும், இருபுறமும் திருகித் திறக்க வேண்டிய திருகாணியும் இருக்கும். ராணுவ மேல்கூட்டை எளிதில் மாட்ட முடியாதபடி கோல்ட் வேண்டுமென்றே செய்த வேறுபாடு இது. பின்னாளைய 6920 மாதிரிகளில் சிறிய ஊசி திரும்பிவிட்டது. ஸ்போர்ட்டர், மேட்ச் டார்கெட் என்ற பெயர்கள் எந்த ஆண்டுகளைக் குறிக்கும் என்பதை முன்பே பார்த்தோம்.

ராணுவம், காவல்துறை, ஏற்றுமதி ஆகியவற்றுக்கு மட்டும் என்று பொறிக்கப்பட்ட எல்.இ. மாதிரி ஒன்றைப் பார்த்து, இது திருட்டுத் துப்பாக்கியோ என்று அஞ்சிய ஒருவர் என்னிடம் வந்தார். அந்தப் பொறிப்பு 1994 சட்டம் கேட்டது. சட்டம் காலாவதியான பிறகு அத்தகைய ரைஃபிள்களைக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுமக்களும் வாங்க முடிந்தது. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உரிமையாளர் மாறினால் துப்பாக்கி கிடைப்பது ஒருபோதும் பாதிக்காதா?

அப்படியும் சொல்ல முடியாது. கோல்ட்டில் பாதிக்காததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் எந்திரங்களும் தொழிலாளர்களும் இருந்த இடத்திலேயே இருந்ததுதான். இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு மார்லின். 1870இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் தொடங்கிய அந்த நிறுவனம், கைப்பிடி நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வேட்டை ரைஃபிள்களுக்குப் பெயர் பெற்றது. 2007 இறுதியில் ரெமிங்டன் அதை வாங்குவதாக அறிவித்தது. நார்த் ஹேவன் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டு, எந்திரங்கள் நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகருக்குப் போயின. பல பத்தாண்டு அனுபவமுள்ள கைகள் உடன் போகவில்லை. தேய்ந்த பழைய எந்திரங்களில், வரைபடத்தில் இல்லாத நுணுக்கங்களைக் கைப்பழக்கத்தால் ஈடுசெய்து வந்தவர்கள் அவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் வந்த மார்லின்களில் மரமும் இரும்பும் சரியாகப் பொருந்தவில்லை. வேட்டைக்காரர்கள் குழலில் நிறுவனர் ஜான் மார்லினின் முன்னெழுத்துகளான பழைய ஜே.எம். முத்திரை உள்ளதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

2020இல் ரெமிங்டன் இரண்டாம் முறை திவாலாகித் துண்டு துண்டாக ஏலம் போனபோது, ரூகர் 2.83 கோடி டாலருக்கு மார்லினை வாங்கி, வட கரோலைனாவின் மேயோடன் தொழிற்சாலையில் எல்லாவற்றையும் அடியிலிருந்து அமைத்தது. ரூகர் செய்த முதல் மார்லின் 2021 டிசம்பரில்தான் கடைக்கு வந்தது. ஓராண்டுக்கு மேல் புதிய மார்லின் இல்லை. இலியன் தொழிற்சாலையும் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஆகவே ஒரு விற்பனைச் செய்தியைப் படிக்கும்போது, யார் வாங்கினார்கள் என்பதைவிட, எந்திரமும் ஆளும் இடம் மாறுகிறார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

கனெக்டிகட்டில் செய்யும் அந்த ரைஃபிளைக் கனெக்டிகட்காரர் வாங்கலாமா?

சாதாரணக் குடிமகன் புதிதாக வாங்க முடியாது. 1993 சட்டத்தைப் பற்றி ஓய்வூதிய நிதிக் கேள்வியில் சொன்னேன். அதன் வரையறைக்குள் அடங்காதபடி மாற்றியமைத்த ரைஃபிள்கள் பிறகும் விற்கப்பட்டன. 2012 டிசம்பர் 14 அன்று அதே மாநிலத்தின் நியூடவுனில், பள்ளிக்குள் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பயன்படுத்தியது கோல்ட் செய்ததன்று, அதே வடிவத்தில் புஷ்மாஸ்டர் என்ற பெயரில் வந்த ரைஃபிள். மாநிலச் சட்டமன்றம் 2013 ஏப்ரலில் தடையை விரிவாக்கியது; முன்பே வைத்திருந்தவர்கள் பதிவு செய்து வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள்.

சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய மாதம், கோல்ட் ஒரு நாள் உற்பத்தியை நிறுத்தித் தன் தொழிலாளர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஹார்ட்ஃபோர்டு சட்டமன்றத்துக்கு அனுப்பியது. தங்கள் வேலை போய்விடும் என்று அவர்கள் உறுப்பினர்களிடம் முறையிட்டார்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோர்களும் அதே மன்றத்துக்கு அந்த மாதங்களில் வந்துகொண்டிருந்தார்கள். சட்டம் நிறைவேறியது, தொழிற்சாலை அங்கேயே நீடித்தது. வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பெட்டியில் அடைக்கப்படும் பொதுமக்கள் ரைஃபிள்கள், செய்தவர்களின் சொந்த மாநிலக் கடைகளுக்குப் போகாமல் மாநில எல்லையைத் தாண்டித்தான் விற்பனைக்குச் செல்கின்றன.